புத்தாண்டு இலக்கு நின்றுபோனால் எங்கே பார்ப்பது?

தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் 48 நாள் இருப்பார்கள், சிலர் அதைவிடக் குறைவு. அலுவலக விருந்து, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 இரவு என்று எது குறுக்கே வந்தாலும் அசைவம் தொடுவதில்லை. குறித்த நாளில் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்பி டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் முடிக்கிறார்கள். அதே ஆளிடம் புத்தாண்டுத் தீர்மானம் என்று பேச்செடுங்கள். "நமக்கு அதெல்லாம் வராதுங்க, மனஉறுதி பத்தாது" என்பார். அத்தனை நாள் வாயைக் கட்டியவருக்கு மனஉறுதி இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

விரதத்துக்கு முடியும் தேதி ஒன்று உண்டு. எது கூடும், எது கூடாது என்பதில் சந்தேகமே வராது. வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியும், சமையலே அதற்கேற்ப மாறிவிடும். புத்தாண்டு இலக்குக்கு இதில் ஒன்றுகூட இருப்பதில்லை. பழுது இலக்கை அமைத்த விதத்தில் இருக்கிறது, அதனால் ஆளைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு அமைப்பைப் பார்ப்போம்.

கீழே உங்கள் அறிகுறி எது என்று தேடி அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவான ஒரு சோதனை மட்டும் இருக்கிறது.

எதையும் மாற்றும் முன்

இலக்கை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே நான்கு விடை எழுதுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தத் தேதி வரை. எதற்காவது விடை வரவில்லை என்றால் மற்ற பகுதிகளுக்குப் போகவே வேண்டாம், அங்கேயே நில்லுங்கள். "உடம்பைப் பார்த்துக்கணும்", "பணம் சேர்க்கணும்" இரண்டும் நல்ல ஆசைகள்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை என்ன செய்வது என்று அவை சொல்வதில்லை.

"ஈசூன் ரயில் நிலையத்தில் இறங்கியதும், செவ்வாயும் வியாழனும், பேருந்து ஏறாமல் வீடுவரை நடப்பேன், மார்ச் 31 வரை." இப்படி எழுதினால் செய்தோமா இல்லையா என்பதில் குழப்பமே இல்லை. இன்னது நடந்தவுடன் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப்போட்டு வைப்பவர்கள் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதினார். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

அறிகுறி: ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே நின்றுபோகிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இலக்கை நாம் டிசம்பரில் போடுகிறோம். நவம்பர் பிற்பாதியிலிருந்தே பள்ளி விடுமுறை. அலுவலகத்தில் பாதிப் பேர் விடுப்பில். காலையில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, இரவில் வீட்டுப்பாடம் இல்லை. "தினமும் ஒரு மணி நேரம்தானே, ஒதுக்கிடலாம்" என்று அந்த வாரத்தில் தோன்றுவது பொய்யில்லை, அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் உண்மையாகவே இருக்கிறது. ஜனவரி முதல் வாரம் பள்ளி திறந்ததும் அந்த மணி நேரம் காணாமல் போய்விடும்.

போதாததற்கு, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். 1994-இல் ரோஜர் பியூலரும் உடனிருந்தவர்களும் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள் மாணவர்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல்.

ஆகவே ஜனவரியின் முதல் முழு வாரத்தில் இலக்கு எதையும் தொடங்காமல் வாரத்தை மட்டும் அளந்து பாருங்கள். பொங்கோலில் வீடு, ஜூரோங் பக்கம் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். மாலை 6.30-க்குக் கிளம்பினால் வீடு சேர 7.45. குளித்துச் சாப்பிட்டு, பிள்ளையின் மறுநாள் ஸ்பெல்லிங்கைக் கேட்டு, துணியை மூங்கிலில் கோத்துக் காயப்போட்டு நிமிர்ந்தால் பத்தேகால். அப்புறம் ஊரில் இருக்கும் அம்மாவுடன் பேச வேண்டும். நமக்குப் பத்தரை என்றால் அங்கே இரவு எட்டு, அம்மா சாப்பிட்டு முடித்து உட்காரும் நேரம் அதுதான், மாற்ற முடியாது. போனை வைக்கும்போது 10.50. காலையில் ஐந்தே முக்காலுக்கு அலாரம்.

இந்த வாழ்க்கைக்குள் "தினமும் இரவு ஒரு மணி நேரம் இணைய வகுப்பு" என்ற இலக்கை எங்கே சொருகுவது? முதல் வாரம் தூக்கத்தைத் திருடிச் சமாளிப்பார், இரண்டாம் வாரம் கண் மூடிவிடும். அது சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லக்கூடாது.

அதே ஆளின் வாரத்தில் வேறு இடங்களில் நேரம் ஒளிந்திருக்கிறது. காலை ரயிலில் நின்றுகொண்டே போகிறார். எழுத முடியாது, காதில் மாட்டிக் கேட்கலாம். ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்துவரை பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். திங்களும் புதனும் ரயிலில் அரை மணி நேரம் பாடத்தைக் கேட்பது, ஞாயிறு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவது என்று வைத்தால் வாரத்துக்கு மூன்று மணி நேரம். முதலில் போட்ட ஏழு மணி நேரத்தோடு வைத்துப் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். ஆனால் 50 வாரத்தில் அது 150 மணி நேரம். ஒரு சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கி முடிக்கப் போதுமான நேரம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அளந்து கிடைத்த நேரம் முழுவதையும் இலக்குக்குக் கொடுக்காதீர்கள். பாதியைக் கொடுங்கள். காய்ச்சல் வரும், ஓவர்டைம் வரும், தேசிய சேவை ரிசர்விஸ்ட் அழைப்பு வரும், ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்து இரண்டு வாரம் தங்குவார். மிச்சப் பாதி அதற்கெல்லாம்தான்.

சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். போட்டதில் ஐந்தில் நான்கு பங்கு நடந்திருந்தால் அளவு சரி. பாதிதான் நடந்தது என்றால் இலக்கையும் பாதியாக்கி மறுபடி மூன்று வாரம் ஓட்டுங்கள்.

அறிகுறி: நடைப்பயிற்சிக்கு முதல் வாரமே தடங்கல்

காலை ஆறு மணிக்கு நடக்கிறேன் என்று ஜனவரியில் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு இடைஞ்சல் காத்திருக்கிறது. இங்கே ஜனவரியில் சூரியன் உதிப்பது ஏழு மணிக்கு மேல், ஆறு மணிக்குக் கும்மிருட்டு. அடுத்தது வடகிழக்குப் பருவமழை. சராசரியாக ஆண்டிலேயே அதிக மழை பெய்வது டிசம்பரில். அது ஜனவரிக்குள்ளும் நீளும், சில நாள் காலையில் பிடித்தால் மாலைவரை விடாது. வெளியே நடப்பதற்கு ஆண்டிலேயே மோசமான வாரங்களாகப் பார்த்து வெளியே நடக்கும் இலக்கைத் தொடங்குகிறோம். அது நின்றுபோவதில் என்ன வியப்பு?

ஜனவரியில் கூரைக்குக் கீழே செய்யுங்கள். புளோக்கின் படிக்கட்டு இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை கூரையிட்ட நடைபாதை பெரும்பாலான பேட்டைகளில் இருக்கிறது. பக்கத்து ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடமும் இருக்கிறது. பிப்ரவரியில் வானம் வெளுத்ததும் பூங்கா இணைப்புப் பாதைக்கோ ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கோ போகலாம்.

அளவு எவ்வளவு? பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பதுதான் சுகாதார அமைப்புகள் சொல்லும் கணக்கு. வேகமாக நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது என்றால் அது மிதமான வேகம். வாரத்துக்கு மூன்று நாள் 50 நிமிடமாகவும் பிரிக்கலாம். தினமும் 10,000 அடி என்று பிடித்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த எண் 1960-களில் ஜப்பானில் அடியளவிக் கருவி ஒன்றை விற்பதற்காகப் புழக்கத்துக்கு வந்தது. உங்கள் போன் டிசம்பர் முழுவதும் சத்தமில்லாமல் எண்ணி வைத்திருக்கும், அதைத் திறந்து சராசரியைப் பாருங்கள். 4,000 அடி என்றால் ஜனவரி இலக்கு 5,500. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலியும் உங்கள் அடிகளை எண்ணிக் காட்டும்.

அறிகுறி: எல்லாம் செய்கிறேன், எடை மட்டும் இறங்கவில்லை

எடை உங்கள் கையில் இல்லை, நடப்பதும் சாப்பிடுவதும்தான் கையில் இருக்கின்றன. "ஜனவரிக்குள் ஆறு கிலோ" என்ற வரியை அடித்துவிட்டு, அந்த வாரம் செய்ததை மட்டும் குறித்து வாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ இறங்கினால் அதுவே நல்ல வேகம். தினமும் எடை பார்க்காமல் வாரத்துக்கு ஒரே நாள், காலையில் எழுந்ததும் பாருங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன் பலதுறை மருந்தகத்தில் கேட்டுவிட வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 40 வயதைத் தொட்ட சிங்கப்பூரர், நிரந்தரவாசி என்றால் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்து குடும்ப மருத்துவரோடு உட்கார்ந்தே சுகாதாரத் திட்டம் போட்டுக்கொள்ளலாம்.

அறிகுறி: பட்டியலில் எட்டு இலக்கு, எல்லாமே அரைகுறை

ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஏழு இலக்கையும் ஏப்ரல் 14-க்குத் தள்ளுங்கள். சித்திரைப் புத்தாண்டு அதற்குத் தோதான நாள். எந்த ஒன்றை வைத்துக்கொள்வது என்று தெரியாவிட்டால், அது நடந்தால் மற்றவையும் எளிதாகும் என்று தோன்றுவதை எடுங்கள். என்னைக் கேட்டால் பலருக்கு அது தூங்கும் நேரமாகத்தான் இருக்கும்.

அறிகுறி: "விட்டுவிடுகிறேன்" என்று சொன்னது விடவில்லை

இனிப்பை விடுகிறேன், போனை விடுகிறேன், வெளிச்சாப்பாட்டை விடுகிறேன். இப்படி முடியும் இலக்குகளில் ஒரு பொதுவான ஓட்டை இருக்கிறது. அந்த நேரம் வந்ததும் என்ன செய்யக்கூடாது என்று தெரிகிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை. சுவீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் புத்தாண்டுத் தீர்மானங்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. ஒன்றைச் செய்வதாக இலக்கு வைத்தவர்களில் சுமார் 59 விழுக்காட்டினர் வெற்றி என்றார்கள். ஒன்றைத் தவிர்ப்பதாக வைத்தவர்களில் 47 விழுக்காடுதான்.

தேநீரையே எடுத்துக்கொள்வோம், நம் ஆட்களுக்கு இது பெரிய விஷயம். மதியம் மூன்று மணிக்கு அலுவலகக் கூட்டம் காப்பிக்கடைக்கு இறங்குகிறது. கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார், பின்னால் வரிசை நிற்கிறது. "சர்க்கரை வேண்டாம்" என்ற தீர்மானம் அந்த மூன்று வினாடியில் வாயில் எதையும் கொடுப்பதில்லை, பழகிய "தே" என்ற சொல் தானாக வந்துவிடும். ஆகவே கடையில் சொல்லவேண்டிய சொல்லையே இலக்காக எழுதுங்கள்.

தே என்றால் கெட்டிப்பால், இனிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. தனிச் சர்க்கரை வேண்டாம் என்றாலும் இனிப்பு முழுதாகப் போகாது. தே சி என்றால் இனிப்பில்லாத ஆவிப்பால், சர்க்கரையைக் கடைக்காரர் தனியே போடுகிறார், அதனால் குறைக்க வழி உண்டு. முதல் மாதம் "தே சி சியூ டாய்", அதாவது சர்க்கரை குறைவு. நாக்கு பழகிய பிறகு, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ "தே சி கோசோங்", சர்க்கரையே இல்லை. ஒரே நாளில் கோசோங்குக்குத் தாவுகிறவர்கள் கசப்பு தாங்காமல் மூன்றாம் நாள் பழைய தேவுக்கே திரும்பிவிடுகிறார்கள், அதனால்தான் நடுவில் ஒரு படி சொல்கிறேன். போத்தல் பானத்துக்கு இன்னும் எளிது. பானத்தின் தரத்தை ஏ முதல் டி வரை பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து, 2022 டிசம்பர் 30 முதல் சி, டி தரப் பானங்களின் மேலேயே இருக்கிறது. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமைத் தாண்டிச் சர்க்கரை இருந்தால் டி. "கடையில் நின்றால் ஏ அல்லது பி எடுப்பேன்" என்பது செய்யக்கூடிய இலக்கு.

போனுக்கும் இதே வழிதான். "இரவு பத்தரைக்குப் போனைச் சமையலறையில் சார்ஜில் போடுவேன்" என்று எழுதுங்கள்.

அறிகுறி: மாதாமாதம் சேமிக்கத் தொடங்கி மார்ச்சில் நிற்கிறது

55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரர் என்றால் சம்பளத்தில் 20 விழுக்காடு, அதற்கான உச்சவரம்புக்குள், கைக்கு வரும் முன்பே மத்திய சேம நிதிக்குப் போய்விடுகிறது. கைக்கு வருவதில்தான் வாடகையோ வீட்டுக்கடனோ, மளிகை, பிள்ளையின் துணைப்பாட வகுப்பு, ஊருக்கு அனுப்புவது எல்லாம். இதற்குமேல் "மாதம் 500 வெள்ளி" என்று எல்லா மாதத்துக்கும் ஒரே தொகையைப் போடுவதுதான் பழுதின் இடம். நம் வருடத்தில் எல்லா மாதமும் ஒரே எடையாக இருப்பதில்லை.

தாளில் 12 மாதத்தையும் எழுதி, கனமான மாதங்களை முதலில் வட்டமிடுங்கள். ஜூனிலும் டிசம்பரிலும் பள்ளி விடுமுறை, ஊருக்கு விமானச் சீட்டு விலை ஏறும். தீபாவளி மாதம் சொல்லவே வேண்டாம். பள்ளிப் புத்தகமும் சீருடையும் ஆண்டு முடிவில் வரும். வருமான வரியை ஒரே தொகையாகக் கட்டினால் அது இன்னொரு கனம், வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் போட்டால் வட்டியில்லாமல் 12 தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம், பலர் இதைச் செய்வதில்லை. இப்படிப் பார்த்தால் நான்கு மாதம் கனமாகவும் எட்டு மாதம் லேசாகவும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். லேசான மாதத்தில் 400, கனமான மாதத்தில் 100. ஆண்டு முடிவில் 3,600 வெள்ளி. எல்லா மாதமும் 300 போட்ட அதே தொகைதான், ஆனால் தீபாவளி மாதத்தில் இது அறுந்துபோகாது.

அவசர காலத்துக்கு மூன்று முதல் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். மாதச் செலவு 2,800 வெள்ளி என்றால் மூன்று மாதத்துக்கே 8,400. மேலே சொன்ன வேகத்தில் அதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடிக்கும். பிடிக்கட்டும். இந்த ஆண்டின் இலக்கு 3,600 தான். முதல் ஒரு மாதச் செலவு சேர்ந்த அன்றே வீட்டில் ஒரு நிம்மதி வரும்.

பணம் சம்பள நாளுக்கு மறுநாளே தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்பது என்றால் மிஞ்சாது.

தங்கும் விடுதியில் இருந்து வேலை பார்க்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. ஊரில் வீடு கட்டுவது, தங்கை கல்யாணம், ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் என்று எந்த இலக்கு வைத்தாலும், அடிப்படைச் சம்பளத்தை வைத்து மட்டும் கணக்குப் போடுங்கள். ஓவர்டைம் உங்கள் கையில் இல்லை. மழை பெய்தால் நிற்கும், வேலை இல்லாத மாதம் குறையும். ஓவர்டைமையும் சேர்த்து ஊரில் தேதி சொல்லிவிட்டால், அந்தத் தேதி தவறும்போது வரும் வருத்தம் உங்களுக்கு மட்டும் இருக்காது, அங்கே ஒரு குடும்பமே அதை நம்பிக் காத்திருக்கும். அடிப்படைச் சம்பளத்தில் 20 மாதம் ஆகும் என்றால் 20 மாதம் என்றே சொல்லுங்கள், ஓவர்டைம் வந்தால் முன்பே முடியும். படிப்பு, மொழி வகுப்பு எல்லாம் ஞாயிறு ஒரு நாளுக்குள் அடங்கவேண்டும் என்பதால் ஒரு நேரத்தில் ஒரே வகுப்பு. லாரியில் வந்து இறங்கிய இரவு ஒன்பதரைக்குப் படிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, நீங்களும் உங்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அறிகுறி: சீனப் புத்தாண்டில் விட்டது, திரும்பத் தொடங்க மனம் வரவில்லை

ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் எப்போதாவது சீனப் புத்தாண்டு வந்துவிடும். இரண்டு நாள் பொது விடுமுறை, வார இறுதியோடு சேர்ந்தால் நான்கு நாள். ஜோகூருக்குப் போய் வருவோம், நண்பர் வீட்டு விருந்துக்குப் போவோம், தூங்கும் நேரம் மாறும். அறுந்துவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்று தோன்றும்.

ஒரு நாள் விட்டால் எல்லாம் பாழ் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாரோ சொல்லி, 22-ஆம் நாளும் கஷ்டமாக இருப்பதைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது இரண்டு. விடுமுறை வரும் முன்பே திரும்பும் நாளை எழுதி வையுங்கள், "விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் மாலை" என்று. அடுத்து, மோசமான நாளுக்கான சின்ன அளவு ஒன்றை வையுங்கள். 40 நிமிட நடை முடியாத நாளில் பத்து நிமிடம், இரண்டு பக்கம் படிக்க முடியாத நாளில் ஒரு பத்தி.

புதிய தொடக்கம் என்று மனம் ஏற்கும் நாள்களில் மக்கள் இலக்குகளை நோக்கி அதிகம் நகர்கிறார்கள் என்று 2014-இல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் எழுதினார்கள். வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், பிறந்தநாள் எல்லாம் அதில் அடங்கும். அப்படிப் பார்த்தால் சிங்கப்பூர்த் தமிழரைப் போல் வசதி யாருக்கும் இல்லை. ஜனவரி 1 தவறினால் பொங்கல், அதற்குப் பின் சீனப் புத்தாண்டு, சித்திரை 1, தீபாவளி. படிப்பு இலக்கு என்றால் விஜயதசமி இருக்கவே இருக்கிறது.

அறிகுறி: இலக்கைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது

அது உங்கள் இலக்குதானா என்று பாருங்கள். நண்பர் மாரத்தான் ஓடினார், மச்சான் காண்டோ வாங்கினார் என்று வந்த இலக்குகள் பிப்ரவரி தாண்டாது. "இதை நான் முடித்தது யாருக்குமே தெரியாது என்றால் அப்போதும் வேண்டுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் தயங்காமல் விட்டுவிடலாம்.

இன்னொரு வகை, பிள்ளையின் தலையில் வைக்கும் இலக்கு. "இந்த வருஷம் பையன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழுக்கு ஏஎல்1 வாங்கணும்." ஏஎல்1 என்றால் 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும். அதை எழுதப்போவது அவன், நீங்கள் இல்லை. உங்கள் இலக்காக வைக்கக்கூடியது வேறு: இரவுச் சாப்பாட்டு மேசையில் கால் மணி நேரம் தமிழிலேயே பேசுவது, சனிக்கிழமை நூலகத்துக்குக் கூட்டிப்போய் அவனாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வருவது. நூலகப் புத்தகத்துக்குத் தவணை 21 நாள். ஒரு தவணைக்கு ஒன்று படித்தால் ஆண்டுக்கு 17 புத்தகம். "வருஷத்துக்கு 50 புத்தகம்" என்று தொடங்குகிற பெரியவர்களும் இந்த 17-ஐக் கொஞ்சம் யோசிக்கலாம். திருப்பித் தரும் தேதியே கெடுவாக இருந்து வேலை வாங்கிவிடும்.

அறிகுறி: வீட்டில் ஒத்துழைப்பு இல்லை

வீட்டில் சொன்னீர்களா? விரதம் என்றால் வீடே மாறுகிறது, ஏனென்றால் வீட்டுக்குத் தெரியும். "செவ்வாயும் வியாழனும் நான் 8.15-க்குத்தான் வருவேன், அந்த இரண்டு நாள் ஸ்பெல்லிங்கை நீ பார்த்துக்கோ, சனி ஞாயிறு நான் பார்க்கிறேன்" என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். நீங்கள் எடுக்கும் நேரத்தைத் தருவது வீட்டில் இன்னொருவர்தான். பெரும்பாலும் மனைவி. அவருக்கும் ஒரு இலக்கு இருக்கிறதா, அதற்கு வாரத்தில் எந்த நேரம் வேண்டும் என்று அதே உட்காரலில் கேட்க வேண்டும்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

இலக்கின் அளவைக் குறைத்தாகிவிட்டது, நேரம் பார்த்தாகிவிட்டது, வீட்டில் பேசியாகிவிட்டது. அப்படியும் எதிலும் மனம் ஒட்டவில்லை. இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, காலையில் எழுவதே பாரமாக இருக்கிறது. இப்படி என்றால் அது இலக்கின் கோளாறு கிடையாது, மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ பாருங்கள். பேச வேண்டும் என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும், மனமுடைந்த நிலையில் இருப்பவர்களுக்கு சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணும் 24 மணி நேரமும் இருக்கின்றன. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தூக்கம், சாப்பாடு, மருந்து மூன்றை மட்டும் பாருங்கள், மற்றதை விஜயதசமிக்கு வைத்துக்கொள்ளலாம்.